கிளிக்குஞ்சுக்கு யார் ஊட்டுவது

வியாழக்கிழமை, இரவு

எர்ணாகுளத்தில் ஒரு ஆபீசில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். சாயங்காலம் அவரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் சுள்ளிக்கல் கடைத்தெருவில் இருந்து அட்டைப்பெட்டியில் ஒரு கிளிக்குஞ்சோடு வந்துவிட்டார். இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை.

“மூணு மணிக்கூருக்கு ஒருதடவை ஊட்டணும். நீ வீட்டிலதானே இருக்கே, உனக்கும் ஒரு துணையாச்சு” என்றார்.

வேலை விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அப்போ இதை யார் பார்ப்பா?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கூடவே வாங்கி வந்த தீவன மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஸ்பூனை அவர் கையில் கொடுத்தேன்.

“நீங்களும் பழகிக்கோங்க.”

குஞ்சு அவரிடம் வாயே திறக்கவில்லை. இரண்டு தடவை ஊட்டிப் பார்த்துவிட்டு ஸ்பூனை என்னிடமே நீட்டினார். நான் ஊட்டியதும் மளமளவென்று விழுங்கிவிட்டு, என் உள்ளங்கையிலேயே தூங்கிப்போனது.

“பார்த்தியா” என்று சிரித்தார். எனக்கும் அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

குஞ்சு அடுத்த வேளைக்குக் கத்த ஆரம்பித்துவிட்டது. அவர் அசந்து தூங்குகிறார். நான்தான் எழுந்து போக வேண்டும்.