லீவுக்குச் சத்தியமங்கலம் போகாதே

கோட்டைமேடு
ஞாயிறு காலை

அன்புத் தம்பி முஜீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் அம்மாவும் நானும் இருக்கிறோம், நன்றாக இருக்கிறோம் என்று எழுத மனம் வரவில்லை. கொடைக்கானலில் இப்போது குளிர் அதிகமாக இருக்கும், நீ ஸ்வெட்டர் போடாமல் திரிவாய் என்று அம்மா சொல்கிறார்கள். அவர்கள் சொல்லித்தான் எழுதுகிறேன், நடுவில் என் பேச்சும் வரும். காலாண்டு லீவுக்கு வரவில்லை, கூடப் படிக்கிற சபரீஷ் வீட்டுக்குச் சத்தியமங்கலம் போகிறேன் என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். அம்மா கீரை ஆய உட்கார்ந்தார்கள், காம்பைச் சட்டியில் போட்டு இலையைக் குப்பையில் போட்டார்கள். அத்தா மௌத்தான அன்னிக்கு என் முகத்தைக்கூடப் பாக்காமப் போயிட்டான், இப்ப ஊட்டுக்கும் வரமாட்டேங்கறான், நான் என்ன பண்ணிப்போட்டேன் கண்ணு என்று என்னிடம் கேட்டார்கள். உன் ஹாஸ்டல் ரைஹான் காய்ச்சல் என்று முன்னாலேயே ஊருக்கு வந்திருக்கிறான் அல்லவா, நேற்று அவன் அம்மா வந்து சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

அன்று அத்தாவை அடக்கம் செய்து முடிந்து நீ அம்மா இருந்த அறைக் கதவருகே வந்து நின்றிருக்கிறாய். புருசன் மௌத்தாகி இத்தா இருக்கறவங்க ரூமுக்கு ஆம்பளைங்க வரக்கூடாது, எல்லாம் வெளிய போங்க என்று பெரியம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள். அது உனக்குப் பின்னால் எட்டிப் பார்த்த தெருக்காரர்களுக்குச் சொன்னது. நீ உனக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணித் திரும்பி, அன்று மாலையே உன்னைக் கூட்டிவந்த வார்டனோடு போய்விட்டாய். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள் முடிகிறவரை அம்மாவைப் பார்க்கக் கூடாது, எனக்குத்தான் மீசை முளைச்சிருச்சே, நானும் ஆம்பளைதானேடா என்று ரைஹானிடம் சொன்னாயாம். அத்தா போன பிறகு அம்மா சிரித்தது அதைக் கேட்டுத்தான். உடனே, அந்த மீசையை நான் இன்னும் பாக்கலையே என்று அழுதுவிட்டார்கள். தம்பி, இத்தாவில் அந்நிய ஆண்களைத்தான் பார்க்கக் கூடாது. நீ அம்மா பெற்ற பிள்ளை. அம்மாவின் தம்பிதானே மைதீன் மாமா, அவரே தினமும் உள்ளே வந்து பேசிவிட்டுத்தான் போகிறார். சபரீஷிடம் இன்னொரு லீவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை வார்டன் உங்களைப் பழனியில் கொண்டுவந்து விடுவார். அங்கே உக்கடம் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறு. அதற்கு முன்னால் கொடைக்கானல் மலை இறங்கும்போது உனக்குக் குமட்டும், உன்னைக் கூட்டிவர வரும்போது அத்தா கொண்டுவருகிற எலுமிச்சம்பழத்தை இந்தத் தடவை நீயே வாங்கி வைத்துக்கொள். பொள்ளாச்சியில் தண்ணீர் குடிக்க இறங்கி பஸ்ஸை விட்டுவிடாதே. அழுக்குத் துணியை அப்படியே கொண்டுவா, நான் துவைக்கிறேன். அம்மா இப்போது வாசல் தாண்டக் கூடாது, மாமாவால் வெள்ளிக்கிழமை கடையை விட முடியாது. அதனால் உன்னைக் கூட்டிவர உக்கடத்துக்கு நான் வருகிறேன். வகுப்பில் பேர் கூப்பிட்டால் வாய் திறக்க முடியாமல் எட்டாவதோடு நின்றவளா வரப்போகிறாள் என்று நீ கேலி செய்வாய். நேற்று சாயங்காலமே போய்ப் பார்த்தும் வந்துவிட்டேன். பழனி பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு கண்டக்டரிடம் கேட்டேன். ஏனுங்க என்று நான் கூப்பிட்டது முதலில் அவருக்குக் கேட்கவில்லை, மறுபடி கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்துச் சொன்னார். நீ எந்த பஸ்ஸில் வருவாய் என்று எனக்குத் தெரியாது, ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உனக்காக அம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறார்கள். அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதவருகே நிற்காதே, யாரையும் கேட்காதே, நேராக உள்ளே போ.

உன் அக்கா,
சித்திகா