மூன்று முட்டை

தாராவி,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

என் சொடலைக்குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மழையில் பூ வரவில்லை. உன் படத்துக்கு இன்றைக்கு அரளிதான் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ போனதுக்குப் பதிலாக உன் வேலையைத் தங்கச்சி மாரிசெல்விக்குக் கொடுத்தார்கள். அதே செம்பூர்க் கட்டடம், அதே லிஃப்ட்.

ஒருநாள் சோறு தின்றுகொண்டே வைல்ட்கார்டு மாஸ்க் என்று ஒன்றைச் சொன்னாயே. "கொரோனாதான் போயிட்டே, இன்னும் என்னலே மாஸ்க்கு?" என்றேன். புரையேறச் சிரித்தாய். எந்தெந்தக் கம்ப்யூட்டர் நம்பருக்கு வழி திறக்கலாம் என்று ரவுட்டர் பெட்டிக்கு அதுதான் சொல்லுமாம். முட்டை, அதாவது பூச்சியம், போட்ட இடத்தில் நம்பர் அப்படியே ஒத்துப்போக வேண்டும். இருநூற்றைம்பத்தைந்து போட்ட இடத்தில் எதுவானாலும் வரலாம். மூன்று முட்டை என்றால் நம்ம சால் வரிசை வீடுகள் மட்டும், ஒன்றை எடுத்துவிட்டால் தெரு முழுக்க என்றாய். "எங்க பள்ளிக்கூடத்துல முட்டைன்னா ஒண்ணுமில்லன்னுல்லா அர்த்தம்?" என்று கேட்டேன். "இதுல முட்டைதாம்மா காவக்காரன்" என்றாய்.

உன்னோடு வேலை பார்த்த சஃப்ரீன் வந்து அழுதது. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் வழி திறந்து நீ மூன்று முட்டைதான் போட்டிருந்தாயாம். நீ கேபிள் இழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கின பிறகு, யாரோ மூன்றாவது முட்டையை எடுத்துவிட்டு இருநூற்றைம்பத்தைந்து போட்டுவிட்டார்கள். லிஃப்டை ஓட்டுகிற பெட்டிக்கும் வழி திறந்துகொண்டது. கல்யாண் ஆபீசில் ஒருத்தன், நீ கீழே நிற்பது தெரியாமல், வேறே கட்டடம் என்று நினைத்து, அங்கே உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் லிஃப்டை இறக்கிப் பார்த்திருக்கிறான்.

தப்பு உன்னுடையது என்றுதான் சூப்பர்வைசர் சுந்தரராமன் சார் எல்லோரிடமும் சொல்கிறார்.

நேற்று மாரிசெல்வி பார்த்தாளாம். இன்னும் ரெண்டு முட்டைதான் இருக்கிறது. சரிபண்ணினால் ஆபீஸ் லைன் கொஞ்ச நேரம் நிற்குமாம், அதனால் விட்டுவிட்டார்கள். அவள் கேட்டதற்கு சுந்தரராமன் சார், "ரெண்டோ மூணோ, லைன் ஓடறதோன்னோ? முதல்ல குழில இறங்கி கேபிளைப் பாரும்மா" என்றாராம்.

காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதே" என்றேன். "நான் போவலன்னா அண்ணன் பேருலயேல்லா பழி நிக்கும். பாஸ்வேர்ட வாங்கி, முட்டையப் போட்டுட்டுத்தாம்மா எறங்குவேன்" என்றாள். பாஸ்வேர்டு அந்த சாரிடம்தான் இருக்கிறது.

போட்டவுடனே போன் பண்ணுகிறேன் என்றாள். பண்ணவில்லை. நான் பண்ணினால் முதலில் மணி அடித்தது. இப்போது எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி இந்தியில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். குழிக்குள் சிக்னல் வராது என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

காவல் சாமி பேரைத்தானே உனக்கு வைத்தோம். தங்கச்சி தலைக்கு மேலே கொஞ்சம் நில்லு, ராசா.

உன் அம்மா,
இசக்கியம்மாள்.

அந்தப் பெட்டியில் இப்போது எத்தனை முட்டை இருக்குலே?