உறைக்குள் இரண்டு மாவிலைகள்

சங்ககிரி,
ஆனி 20.

அன்பு மருமகள் பிரீத்திக்கு, மாமன் சந்திரசேகர் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை சித்ராவும் சுகம். ஐதராபாத்தில் நீயும் உன் செடிகொடி ஆராய்ச்சியும் சுகமாக இருக்க மலைக்கோட்டை மேலிருக்கிற சாமிகளை எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உறைக்குள் இரண்டு இலை வைத்திருக்கிறேன். போனில் இலையைக் கசக்கி மோந்து பார்க்க முடியாது. தவிர, நான் போனில் பேசினால் லாரி ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

நாற்றுப்பண்ணை வெள்ளியங்கிரியை ஒரு வழி பண்ணிவிட்டேன், சாமி. ஆறு வருஷம் முன்னால் நீ காலேஜ் லீவில் வந்தபோது அவனிடம் மல்கோவா ஒட்டுக்கன்று வாங்கினோமே, அது இந்த வருஷம்தான் காய்த்தது. ஐந்நூறு காய். உன் அத்தை எண்ணினால் நாற்பது என்பாள். சம்பந்தி வீட்டாரை விருந்துக்குக் கூப்பிட்டு, சேலம் ஜில்லாவிலேயே இப்படி ஒரு மல்கோவா கிடையாது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு அறுத்து வைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்ட சம்பந்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பல் முழுக்க நார். சம்பந்தியம்மா, "ஊறுகாய்க்கு நல்லாருக்குமுங்க" என்றார். பிரேக் இல்லாத லாரியில் தொப்பூர் இறக்கம் இறங்கியபோதுகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

அன்றைக்கே ஆரம்பித்தேன். லாரி ஆபீஸ், டீக்கடை, சலூன், கல்யாண மண்டபம், ஒரு இடம் விடவில்லை. காட்டு மாங்கொட்டையை முளைக்க வைத்து, துணியைச் சுற்றி ஒட்டுக்கன்று என்று விற்கிறான் என்றேன். சாதா வேம்பை மலைவேம்பு என்கிறான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அது என் சொந்தச் சரக்கு. இப்போது அவன் பண்ணையில் கன்றுகள் விற்காமல், பையைக் கிழித்துக்கொண்டு வேர் தரையில் இறங்கிவிட்டதாம். அதைக் கேட்ட அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

போன வாரம் அவனே வீட்டுக்கு வந்தான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏனுங்க, ஒட்டுக் கட்டுக்குக் கீழ தழைச்சதைக் கிள்ளி உட்டீங்களா? கீழ வர்றது காட்டு மாவுங்க, மேல இருக்கறதுதான் மல்கோவா" என்றான். எனக்கே பாடம்! "ஆடி மொத வெள்ளி மாரியம்மன் கோயிலுக்கு வாடா. ஒட்டுக்கன்னுதான் கொடுத்தேன்னு கற்பூரத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. "பண்றேனுங்க. ஒட்டை நான் வெட்டலைன்னு நீங்களும் பண்ணோணுமுங்க" என்று சொல்லிவிட்டு, அத்தை கொடுத்த மோரைத் தொடாமல் போய்விட்டான். சரி என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் ஒரு சின்ன ஞாபகம் வந்தது. நட்ட வருஷம் கட்டுக்கு மேலே இருந்தது நோஞ்சானாக நின்றது. கீழே இருந்து ஒன்று திமுதிமுவென்று கிளம்பியது. தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டுகிற மாதிரி, மேலே இருந்ததை நானே அரிவாளால் சீவினேன். கன்று வாங்கின அன்று நீயும் ஏதோ சொன்னாய். எனக்குத் தெரியாததா என்றேன்.

நேற்றுக் குனிந்து பார்த்தால், அந்த வெட்டுவாயில் விரல் தண்டிக்கு ஒரு கிளை. இத்தனை வருஷமாக அதை ஏதோ களைச்செடி என்றே நினைத்திருந்தேன். சிவப்பு நூல் கட்டியது பெரிய மரத்து இலை, வெள்ளை நூல் கட்டியது அந்தக் குச்சியில் பறித்தது. இரண்டும் ஒரே ஜாதி என்றால் அத்தை போனுக்குக் கூப்பிட்டு நாலு வீடு கேட்கச் சொல். வேறு வேறு என்றால் என் பேருக்குத் தபால் போடு, ஒட்டி அனுப்பு. எதுவானாலும் ஆடி வெள்ளிக்கு முன்னால் வந்து சேர வேண்டும். வெள்ளியங்கிரி வராமல் இருக்க மாட்டான், அம்மணி. அவன் கற்பூரத்துக்குக் கை நடுங்குகிற ஆள் இல்லை.

படித்த உன் கண்ணுக்கு நூறு வயசு. அந்தக் கண்ணுக்கு இரண்டு இலையும் ஒன்றாகவே தெரியட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்,
சந்திரசேகர்.