வளைவில் இரண்டு ஹாரன்

அண்ணே,

இன்று மதியம் பல்புப் பெட்டியைப் போட்டேன். நான்கு பல்பும் எரிந்தன. தகரத்தில் படிந்திருந்த தூசியும் செத்த ஈசல் சிறகும் சூட்டில் கருகி அந்தப் பழைய வாடை வந்தது. அந்த வாடை வந்தால் உங்கள் ஜீப் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. என் மூக்குக்கு அது இன்னும் புரியவில்லை.

பிள்ளைகளுக்குச் சூடு கொடுக்க இப்போது நல்ல மெஷின் வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. அதில் நேற்றிலிருந்து ஒரு குறைமாதப் பிள்ளை கிடக்கிறது. மேசைமேல் தகரக் கூரை போட்டு பல்பு தொங்கவிட்ட நம் பெட்டியை ஸ்டோரில் தள்ளியிருந்தார்கள். அதை ஏன் இழுத்து வருகிறேன் என்று புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் கேட்டாள். ஒரு பிள்ளை வருகிறது என்றேன். யார் போன் செய்தது என்றாள். என்ன சொல்வது? தேயிலைக் காட்டை மஞ்சு மூடி, முற்றத்து மரம்கூடத் தெரியாத நேரத்தில், கீழே வளைவிலிருந்து ஹாரன் கேட்டது. சின்னதாக, இரண்டு முறை.

போன் சிக்னல் கிடைக்காத அந்த வளைவுக்காக நாம் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு அது. நீட்டி ஒரு தடவை என்றால் பெரியவர்கள். சின்னதாக இரண்டு என்றால் பிள்ளை. வளைவிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு உங்கள் ஜீப்புக்குக் கால் மணி நேரம். பெட்டி சூடாகவும் கால் மணி நேரம். "என் கை ஹாரன்ல, உங்க கை சுவிட்சுல சிஸ்டர்" என்பீர்கள்.

எஸ்டேட் தொழிலாளர் லயங்களிலிருந்தும், மறையூர் ஆலைகளில் வெல்லம் காய்ச்ச வந்த குடும்பங்களிலிருந்தும் நீங்கள் அள்ளிக்கொண்டு வந்த பிள்ளைகள் எல்லாம் பிந்தித்தான் வந்தன. எடையில்லாமல் பிறந்தவை, மூன்று நாள் காய்ச்சலை வீட்டிலேயே வைத்துப் பார்த்தவை, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரப்பட்டவை. இங்கே வந்தால் ஒரு நர்ஸ், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், சில நாள் மட்டும் டாக்டர். அந்தக் கால் மணி நேரம் முந்திக்கொள்வது ஒன்றுதான் நம் கையில் இருந்தது.

அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் தொடங்கினால் நீங்கள் வண்டி துடைக்கப் போய்விடுவீர்கள். இனி எங்கே போவீர்கள், கேளுங்கள்.

அன்றும் மதியம், அன்றும் மஞ்சு. ஹாரன் கேட்கவில்லை. ஜீப் வாசலில் நின்ற பிறகுதான் பார்த்தேன். ஒரு தாய் இரண்டு மாதப் பெண் பிள்ளையை மார்போடு மூடிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் இறங்கினாள். "காலையிலருந்து ஒரே அழுகை சிஸ்டர். ஜீப்புல ஏறுனதும் நல்லா உறங்கிருச்சு" என்று கிசுகிசுத்தாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. நானும் சத்தம் போடாமல்தான் துணியை விலக்கினேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. பாதத்தைத் தொட்டேன், ஓடைக்கல் மாதிரி இருந்தது. சுண்டினேன். முகம் சுளிக்கவில்லை.

பெட்டி அணைந்து கிடந்தது. பல்பைப் போட்டுவிட்டு, குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டே இருந்தேன். துணியில் சூடு ஏறுவதற்குள் பிள்ளை போய்விட்டது. வார்டில் மற்ற பிள்ளைகள் எல்லாம் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பிள்ளைகள் இருந்த அறையில் எனக்கு ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு மேலிடத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். எடை குறைவு, பால் குடித்து நேரமாகிவிட்டது, குளிர், தூரம், தாமதம் என்று எழுதினார்கள். எல்லாம் உண்மைதான். டிரைவர் ஏன் ஹாரன் அடிக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, "பிள்ளை உறங்குதுன்னு தாய் சொல்லுச்சு சார். எழுப்ப வேண்டாம்னு நான்தான் அடிக்கல" என்றீர்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தப் பிள்ளை வருவதற்கு முந்தின நாள் நான் ஜீப்பை மறித்து நின்று கத்தியதை நீங்கள் சொல்லவில்லை. மாற்று ஆள் வராமல் இரண்டாவது நாளாக ஒற்றை ஆளாய் வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க ஹாரன் வார்டையே எழுப்பி விட்டுருதுண்ணே. ஒவ்வொண்ணா உறங்க வைக்கிறதுக்குள்ள என் உசுரு போகுது. இனிமே அடிக்காதீங்க" என்றேன். சரி சிஸ்டர் என்று தலையாட்டினீர்கள். என் வாய் உங்களுக்குத் தெரியும், ஒரு நாளில் ஆறிவிடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். ஆறுவதற்குள் அந்தப் பிள்ளை வந்துவிட்டது.

ஹாரன் அடிக்காமல் பிள்ளையைச் சாகவிட்டவன் என்று லயத்தில் உங்களைப் பேசினார்கள். சிலர் உங்கள் வண்டியில் ஏறுவதையே விட்டார்கள். எல்லாம் என் காதில் விழுந்தது. வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். நான் கோழை அண்ணே, அதற்கு வேறு பெயர் இல்லை.

அதன் பிறகு நீங்கள் காலி ஜீப்பில் வந்தாலும் வளைவில் இரண்டு அடிப்பீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போடுவேன். யாரும் இல்லை என்று நீங்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பிள்ளை இல்லாத துணி பெட்டிக்குள் சூடாகிக் கிடக்கும். நாம் அந்தப் பக்கம் பார்க்காமல் டீ குடிப்போம்.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்த அன்று உங்கள் ஜீப்பை வேறு ஒருவன் ஓட்டி வந்தான். வளைவில் நீட்டி ஒன்று அடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நீங்களும் சொல்லாமல்தான் வந்தீர்கள். ஜீப் பழைய இரும்புக்குப் போயிற்று, ஹாரனும் அதோடு போயிருக்கும். ஆனால் மஞ்சு இறங்கும் மதியங்களில் எனக்கு அது கேட்கும். பெட்டி எங்கே கிடந்தாலும் எழுந்து போய் பல்பைப் போடுவேன். யாரும் வர மாட்டார்கள். வயதாகிறது என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

இன்று வந்தார்கள்.

ஒரு பழைய பைக்கில் கணவனும் மனைவியும், நடுவில் துண்டு சுற்றிய இருபது நாள் பிள்ளை. துண்டெல்லாம் மஞ்சின் ஈரம். "இப்பத்தான் உறங்குது சிஸ்டர், எழுப்பிறாதீங்க" என்றாள் அந்தப் பெண். வாசலிலேயே துண்டைப் பிரித்துப் பாதத்தில் சுண்டினேன். வருகிற பிள்ளை எதையும் நான் உறங்கவிடுவதில்லை, தாய்மார்கள் என்னை ராட்சசி என்கிறார்கள். அசைவில்லை. மறுபடி சுண்டினேன். அதே ஓடைக்கல்.

ஆனால் பெட்டியில் துணி சூடாக இருந்தது அண்ணே. நல்லவேளை, டாக்டரும் இருந்தார். குளுக்கோஸ் இறங்கியது. நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் கட்டைவிரல் மடங்கியது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டு வார்டில் ஒவ்வொன்றாக எழுந்து அழத் தொடங்கின. யாரையும் நான் அடக்கவில்லை.

நாங்க வர்றது எப்படித் தெரியும் என்று அந்தத் தகப்பன் கேட்டான்.

"வளைவுல ஹாரன் அடிச்சீங்கல்ல?" என்றேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். "என் வண்டியில ஹாரனே இல்லையே சிஸ்டர்."

நர்ஸ் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஸ்டோர் பக்கம் கூட்டிப் போய், அன்று உங்களிடம் நான் கத்தியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. நாளை டியூட்டி முடிந்து உங்கள் வீட்டுக்குப் போவேன். உங்கள் மனைவி கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

பெட்டியை அணைக்கவில்லை. அன்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் அண்ணே. நீங்கள் அடியுங்கள். வார்டு முழுக்க எழுந்து அழட்டும்.