மூன்றாம் ஓலைக்கு முன்னால் ஒரு கடல்

ஏப்ரல் 24, 1994. ஞாயிறு

இன்று சபையில் என் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். 'பாக்கியசாமி அவர்கள் குமாரத்தி கெசியா' என்று பாஸ்டர் படித்ததும் பாட்டுக்குழு மொத்தமும் என் பக்கம் திரும்பிப் பார்த்தது. முப்பத்திநாலு வயசுக்காரிக்கு ஓலை வாசிச்சா திரும்பத்தானே செய்வாங்க. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் அதற்குள் எழுந்து சொல்லிவிட வேண்டும். சூலூரில் மாப்பிள்ளையின் சபையிலும் இதே நேரம் வாசித்திருப்பார்கள். இங்கே ஒருத்தரும் எழவில்லை. எழ வேண்டியவள் நான்தானோ?

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா கனகத்தம்மா, "கல்யாணத்துக்கப்பறம் வேலை எதுக்குங்க அம்மணி, ஊட்டைப் பாத்துக்கிட்டாப் போதுமுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் பதினொரு வருஷ டீச்சர் வேலையை மரியாதையாகத் தூக்கி மூலையில் போட்டார். மாப்பிள்ளை டேவிட்சன் பக்கத்திலேயே இருந்தார். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிறவர். ஒரு வார்த்தை? ஊஹூம். சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடக்கூட இல்லை, கரண்ட் கட்.

ஏப்ரல் 26

அற்புதம் அக்கா வந்தாள். மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். அந்த ஆள் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லணும், இல்லாவிட்டால் மூணாவது ஓலைக்கு நானே எழுந்து தடை சொல்லுவேன் என்றேன். அப்பாவுக்கு நெஞ்சு அடைச்சுப்போகுமே என்று பயந்தாள். அப்புறம் பஜ்ஜி தின்றாள். தின்று முடித்ததும் அவளுக்கு யோசனை வந்துவிட்டது.

ஏப்ரல் 27

அக்கா நேராக அந்தக் கம்பெனி கேட்டுக்கே போய்விட்டாள்! மாப்பிள்ளையை வெளியே கூப்பிட்டு, ஒரு நாள் முழுக்க என் தங்கச்சிகிட்டப் பேசுங்க, கூட நான் வாரேன் என்றாளாம். எங்கே போகலாம் என்று அவர் கேட்டிருக்கிறார். இவள் உடனே 'கடல் ஓங்கல்' என்றிருக்கிறாள். வீட்டில் நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம். பதினொரு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு அலை அரிப்பு நடத்துகிறேன். கடலோரம் செங்குத்தாக நிற்கிற ஓங்கல், கடல் குகை, கடல் தூண் எல்லாவற்றையும் போர்டில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். கடலை மட்டும் பார்த்ததில்லை. கோயமுத்தூரில் கடலுக்கு எங்கே போக.

ரயில்வேயில் இருக்கிற மச்சான் வர்க்கலைக்கு டிக்கெட் போட்டுத் தருகிறார். அங்கே ஒரு நாளைக்குத் தனி டாக்சி. அப்பாவிடம் அக்கா என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 30

தபாலில் டேவிட்சனிடமிருந்து நீளமாக ஒரு குழல். திறந்தால் டிரேசிங் பேப்பர். அதில் அச்சடித்த மாதிரி எழுத்தில் பயணத் திட்டம்:

9.10 ஓங்கல். 10.40 ஓங்கல் முடிவு. 1.00 சாப்பாடு. 2.15 அஞ்சுதெங்கு கோட்டை. 3.00 முதல் 3.30 வரை பேசுதல்.

பேசுதல்! அரை மணி! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி. கோபமாக இருக்க வேண்டிய நேரத்தில் இப்படிச் சிரித்தால் எப்படி?

மே 1

இரண்டாம் ஓலை. எனக்கு ஓலை காதிலேயே விழவில்லை. எந்தச் சேலை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

மே 4. புதன். மாலை, வர்க்கலை ஸ்டேஷன்

ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணல். பரவாயில்லை, எழுதியே ஆகணும்.

காலையில் ஸ்டேஷன் வாசலில் அம்பாசடர் நின்றது. டிரைவர் ரசாக், வர்க்கலைக்காரர், பாதி மலையாளம் பாதி தமிழ். அக்கா ஐந்து லிட்டர் கேனில் சிறுவாணித் தண்ணி கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்து அவர், இங்கேயும் தண்ணி உண்டு அம்மா என்றார். இருக்கும், ஆனா குடிக்க முடியுமா என்று அக்கா கேட்டுவிட்டாள். மனுஷர் சிரித்ததோடு விட்டார்.

தென்னந்தோப்பு, தோப்பு, மறுபடி தோப்பு. சட்டென்று தோப்பு முடிந்தது. தரையும் முடிந்தது. கீழே —

எப்படி எழுத? நான் ஓடினேன். முப்பத்திநாலு வயசில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. செக்கச்செவேலென்று மண் சுவர் செங்குத்தாக இறங்குகிறது, அடியில் அலை வந்து மோதுகிறது, அதுக்கப்புறம் எல்லாம் தண்ணி. நான் போர்டில் வரைகிற ஓங்கல் இவ்வளவு கறாராக, நேர்கோடாக இருக்கும். இது சரிந்து, பிளந்து, நடுவில் ஊற்று கசிந்து, செடி முளைத்து — ஐயோ, பதினொரு வருஷமாகப் பொய்யையா வரைந்தேன்? ரசாக்கைப் பிடித்து நிறுத்தி அலை அரிப்பை முழுசாக நடத்திவிட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கேட்டார். இந்தக் கரையிலேயே பிறந்த மனுஷருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வெட்கமே இல்லை எனக்கு.

திரும்பிப் பார்த்தால் டேவிட்சனைக் காணோம். இருபதடி தள்ளி ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்து நிற்கிறார். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டுகிறது.

"எனக்கு உசரம் ஆகாதுங்க டீச்சர். கிறுகிறுன்னு வந்துரும். கம்பெனி மாடிப்படியே கைப்பிடி புடிச்சுத்தான் ஏறுவேன்."

அப்புறம் எதுக்கு இங்கே வந்தீங்க என்றேன். நீங்க பாக்கோணும்னு ஆசைப்பட்டதா அக்கா சொன்னாங்க என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அக்கா அந்த நேரம் படியிறங்கிக் கடற்கரைக்குப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று அங்கேயே கேட்டுவிட்டேன். அன்றைக்கு உங்கம்மா சொன்னபோது ஏன் பேசவில்லை? என் வேலை போனால் உங்களுக்குப் பரவாயில்லையா?

அவர் ஓங்கலின் விளிம்பைக் கையால் காட்டினார். "எங்கம்மாகிட்ட எதுத்துப் பேசறதும் எனக்கு இப்படித்தானுங்க இருக்கும். நீங்க வேலைய விடக் கூடாதுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள அம்மாகிட்டச் சொல்லிப்போடறேன்."

சொல்லவில்லையென்றால் மூணாவது ஓலைக்கு நானே எழுந்து தடை சொல்லுவேன் என்றேன். "எந்திரிங்க. அது நாயந்தானுங்க" என்றார்.

அப்புறம் தென்னையை விட்டார். விட்டு, மண்டி போட்டார், அப்படியே குப்புறப் படுத்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அங்குலம் அங்குலமாக விளிம்புக்கு நகர்ந்து தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடி, மறுபடி திறந்தார். "அடேயப்பா. நெம்ப நல்லாருக்குதுங்க."

நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன். பட்டுச் சேலை! கீழே மணலிலிருந்து அண்ணாந்து பார்த்த அக்காவுக்கு ரெண்டு தலை மட்டும் தெரிந்திருக்கிறது. அவள் போட்ட கூச்சலில் அலைச் சத்தமே கேட்கவில்லை. அந்தக் களேபரத்தில் மணலில் விட்டிருந்த அவளுடைய புதுச் செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. கடல் இப்படி ஏறி வந்து எடுத்துக்கொண்டு போகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நான் டீச்சர், சொல்லியிருக்க வேண்டுமாம். நாளெல்லாம் திட்டு.

அஞ்சுதெங்கு கோட்டை மிளகுக்காக வெள்ளைக்காரக் கம்பெனி கட்டியது, முந்நூறு வருஷம் இருக்கும். வழி நெடுக, கயிறு திரிக்கத் தேங்காய் மட்டை ஊறப் போட்ட நாற்றம், அதுகூட இன்றைக்கு நன்றாக இருந்தது. கோட்டைக்குள் இப்போது வெறும் புல். சரியாக மூன்று மணிக்கு டேவிட்சன் பையிலிருந்து டிரேசிங் பேப்பரை எடுத்தார். பேசுதல் காலையிலேயே முடிஞ்சுபோச்சுங்களே, இந்த அரை மணிக்கு என்ன பண்றதுங்க என்று நிஜமான கவலையோடு கேட்டார். சும்மா பேசலாம் என்றேன். ஐந்து மணி வரைக்கும் பேசினோம். அவர் பேசுகிறார்! பம்பு பற்றி, பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பூகோளம் வராதது பற்றி, எல்லாம். ரசாக் வந்து ஹாரன் அடித்துத்தான் எழுப்பினார்.

எனக்குத் தலை சுற்றுகிறது. எனக்கு உசரம் பயமில்லை. இது வேற.

மே 6

சூலூரிலிருந்து தகவல் இல்லை.

மே 7. சனி

இல்லை. பக்கத்து வீட்டில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். அப்பா, என்ன கண்ணு நடையா நடக்கற என்றார். சும்மா நடக்கேன்னு சொன்னேன். என்ன ஆளு இவர்? படுத்துத் தவழ்ந்தெல்லாம் காட்டினாரே. அம்மா முன்னால போனா மறுபடி ஃபேனைப் பாக்கறாரா?

நாளைக்கு எழுவேன். எழத்தான் போறேன். அப்பா, மன்னிச்சுக்குங்க.

மே 8. ஞாயிறு, பகல்

பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தேன், எழ வசதியாக. பாஸ்டர் மூன்றாம் ஓலை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். அக்கா என் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். முழங்கால் ரெண்டும் எழுந்துவிட்டது, நான் எழவில்லை. என் தைரியம் எங்கே போச்சு? இல்லை, இது தைரியம் சம்பந்தப்பட்டதே இல்லை. எனக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது. வேலையும் வேணும். ரெண்டும் வேணும். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மே 8. மாலை

மூன்றரைக்குக் கனகத்தம்மா வந்தார். பின்னாலேயே டேவிட்சன், மழையில் நனைந்தவர் மாதிரி. வெளியே நல்ல வெயில். அந்தம்மா உட்காரக்கூட இல்லை, அப்பாவிடம் பிராது வைக்க ஆரம்பித்துவிட்டார்.

சூலூர் சபையில் காலையில் தடை உண்டா என்று கேட்டதும், இவர் பெத்த பிள்ளையே எழுந்து நின்றதாம். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாராம், சட்டை கிழிந்ததாம், உட்காரவில்லையாம். கல்யாணத்துக்குத் தடை இல்லீங்க பாஸ்டர், கெசியா டீச்சர் கல்யாணத்துக்கப்பறமும் வேலைக்குப் போவாங்க, நாலு நாளா எங்கம்மாகிட்டச் சொல்லப் பாத்தேன், வாயே வரலை, அதனால சபையில சொல்றேனுங்க என்றாராம். பாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் ஆமென் சொல்லிவிட்டாராம். சபையும் ஆமென் சொல்லிவிட்டதாம். இருநூறு பேர் ஆமென் சொன்னதுக்கப்பறம் நான் என்னத்தைச் சொல்றது என்று கேட்கிறார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா காப்பியை நீட்டிவிட்டாள். கனகத்தம்மா குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சூலூர்ல இருந்து எத்தனை மணி பஸ்ஸப் புடிக்கோணும் அம்மணி?"

"ஏழரைக்குங்க அத்தை."

"அப்ப ஆறரைக்குச் சோறாகோணும். என்னால முடியாது. சபையில எந்திரிச்சு நின்னுச்சே ஒண்ணு, அதையே ஆக்கச் சொல்லு."

டேவிட்சன் உடனே தலையாட்டினார். அவருக்கு ரசம் மட்டும் வைக்கத் தெரியுமாம்.