பிள்ளை கேட்கும்வரை

பூவரசங்குளம்
14.09.1998

அன்பு மகன் நிரஞ்சனுக்கு,

தங்கச்சி தர்மிளாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டேன். வேறு யாரும் சொல்லி நீ அறியக்கூடாது என்றுதான் சுகம் விசாரிக்க முன்பே இதை எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், பிரான்சில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைக் கவனி.

எட்டு வயதுப் பிள்ளையை, கதை பேச்சு சரியாக வரவில்லையென்று பாலர் வகுப்போடு இருத்தி வைத்திருந்தார்கள். இப்போது அகதி முகாமில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்கென்று ஒரு கொட்டிலில் நடக்கும் வகுப்புக்கு அனுப்புகிறேன். அங்கே பத்மாசனி என்றொரு ரீச்சர், பேச்சுப் பயிற்சி பழகியவர். காதில் பிழையில்லை, சொற்களைச் சேர்க்கத்தான் பிள்ளை திணறுகிறாள் என்றார். பிறகு ஒருநாள் காலை முழுக்க நம் கடையில் இருந்து பார்த்துவிட்டு, "ஐயா, இந்தப் பிள்ளை வாய் திறக்க உங்கட கடையில ஒரு தேவையும் இல்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆள் வாசலுக்கு வரும்போதே முகத்தைப் பார்த்துச் சாமானைக் கட்டிவைக்கிறவன் நான், ஒரு மூட்டை வெங்காயத்தோடு தொடங்கி அப்படித்தான் இந்தக் கடையை ஆக்கினேன், பிள்ளைக்கும் கேட்க முன்பே எடுத்துக் கொடுத்துவிடுவேன். "கேக்கும்வரை பாத்துக்கொண்டு நிண்டா ஆள் அடுத்த கடைக்குப் போயிடும் ரீச்சர்" என்றேன். "உங்கட மகள் எங்க போவா, நிண்டு பாருங்கோ" என்றார். அழவைக்க வேண்டாம், கையைக் காட்டினாலும் கொடுங்கள், ஆனால் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள், அவ்வளவுதான் அவர் சொன்ன வைத்தியம்.

சொல்வது லேசு மகன். நேற்று தங்கச்சி பிஸ்கற் தகர ரின்னுக்கு முன்னால் வந்து நின்றாள். என் கை தானாகப் போனது, இழுத்துக்கொண்டேன். சீனி வாங்க நின்ற அப்புத்துரை, "என்ன முதலாளி, பெத்த பிள்ளைக்கும் கடன் இல்லையோ" என்று நக்கலடித்தான். கடைக்குப் பின்னால் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா, "நீங்கள் ஒரு மனிசனோ" என்று ஏசினா. பிள்ளை என்னைப் பார்த்தாள், ரின்னைப் பார்த்தாள், "அப்பா... பிஸ்கற்... ரெண்டு தாங்கோ" என்றாள். இத்தனை சொல்லை அவள் சேர்த்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். அம்மா ஓடிவந்து ரின்னோடு தூக்கிக் கொடுத்துவிட்டா, அதை நான் ரீச்சரிடம் சொல்லவில்லை.

ஆகவே கொழும்பு விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி நீ எழுதியதை இப்போது செய்யமாட்டேன், கோபிக்காதே. அங்கே அவளுக்காகக் காத்து நிற்க யார் இருக்கிறார்கள்? அடுத்த மாதம் வவுனியாவுக்குக் கூட்டிப்போய் உன்னோடு போனில் கதைக்கவிடுவேன். போன் காசு ஓடுகிறதே என்று நீ அவளுக்குச் சொல்லை எடுத்துக் கொடுக்காதே, மறவாதே. கடவுள் துணையால் உனக்கு ஒரு குறையும் வராது.

ரீச்சர் சம்பளம் வேண்டாமென்றார். சும்மா வருவதை நான் நம்புவதில்லை, அதனால் பேசி முடித்தது இது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பத்து மணிக்கு அவித்த கடலை என் செலவு, தைப்பொங்கல்வரை தங்கச்சிக்கு நாளும் அரை மணித்தியாலம் தனியாக அவர் பொறுப்பு, அதற்குள் முன்னேற்றம் இல்லையென்றால் உன் சொற்படி கொழும்பு. கடலையை ஆளிடம் கொடுத்தனுப்பக் கூடாதாம், நானே கடையைப் பூட்டிவிட்டுக் கொண்டுபோய், ஒவ்வொரு பிள்ளையும் தன்பாட்டில் கேட்கும்வரை நின்று கொடுக்க வேண்டுமாம். அந்த நேரத்து வியாபாரம் போகும். ஓம், செய்கிறேன் என்றேன்.

உன் அப்பா
சு. கணபதி