முப்பதில் நிற்கும் ஸ்லைடர்

ஜூலை 24, சனி

ஆடிக் காற்று. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் புழுதி அத்தனையும் மாடிக்கு ஏறி வருகிறது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் அரைப் பிடி மண்.

கோமதியம்மாவின் திருமணத் தகவல் மையத்துக்கு புரோகிராம் எழுத ஆரம்பித்து ஒன்பதாவது நாள். ஆடியில் யாரும் ஜாதகம் கேட்டு வருவதில்லை, அதனால்தான் இந்த மாதம். ஆவணி பிறப்பதற்குள் வரன்களின் விவரம் எழுதிய பதினொரு நோட்டும் சிஸ்டத்துக்குள் போய்விட வேண்டும். காலையில் பிரவுசிங் சென்டர் வேலை, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை இங்கே. மணிக்கட்டு வலி. தூக்கம் போதவில்லை.

எனக்கு இதில் என்ன கிடைக்கும் என்றால், செல்வி அக்கா. ஆறு வருடமாக மாப்பிள்ளை பார்க்கிறோம். கடைசியாக அரியலூரிலிருந்து வந்தவர்கள் காபியில் சர்க்கரை குறைவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். கோமதியம்மா எனக்குக் கொடுத்த வாக்கு:

"வேலைய முடிச்சுக் குடு தம்பி. ஆவணியில மொத ஆளு உள்ள வந்தா, உங்கக்கா போட்டோவத்தான் மொதல்ல காட்டுவேன்."

ஸ்லைடர் என் யோசனை. அவர் கேட்டது வயதை எழுத இரண்டு பெட்டி, அவ்வளவுதான். ஆனால் திரையில் பெட்டி, பொத்தானெல்லாம் வைக்க நான் பயன்படுத்தும் டூல்கிட்டின் புதுப் பதிப்பு போன வாரம்தான் கைக்குக் கிடைத்தது. அதில் ஸ்லைடர் என்ன அழகு! குமிழ், கீழே சின்னச் சின்னக் கோடுகள், இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முதல் தடவை ஓடியபோது பிரவுசிங் சென்டரில் கத்திவிட்டேன். அடுத்த கேபினில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் பெயிலாகிவிட்டோமோ என்று எழுந்து நின்றுவிட்டார்.

செய்ய வேண்டியவை:
- வயது ஸ்லைடர் (குறைந்தது, அதிகம்)
- உயரம் ஸ்லைடர்
- நோட்டு 4 முதல் 11 வரை டைப்
- மண்ணைத் துடைக்க பிரஷ்

ஜூலை 27, செவ்வாய்

பிற்பகல் பூரா கரண்ட் கட். வந்த பிறகு ஒரு மணி நேரம்.

டூல்கிட்டில் இரண்டு குமிழ் வைத்த ஸ்லைடர் கிடையாது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு ஸ்லைடர் வைத்தேன். குறைந்த வயது, அதிக வயதைத் தாண்டக் கூடாது. டூல்கிட் பயன்படுத்துபவர்களின் மெயிலிங் லிஸ்டில் கேட்டிருந்தேன். பிரேசிலில் ஒருவர் பதில் போட்டிருந்தார், ஒன்று நகர்ந்தால் மற்றதைத் தள்ளிவிடு என்று. யாரென்றே தெரியாது, மூன்று வருடமாக அவர்தான் எனக்கு வாத்தியார் மாதிரி, நண்பன் மாதிரி. இங்கே பக்கத்தில் இதைப் பேச ஒரு ஆள் இல்லை.

செய்தேன். சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது. மேல் குமிழ் கீழ்க் குமிழைத் தள்ளுகிறது. தள்ளப்பட்டதும் அது நான் நகர்ந்தேன் என்று சொல்லி மேலே உள்ளதைத் தள்ளுகிறது. அப்படியே முடிவில்லாமல். வீட்டில் அம்மாவும் அக்காவும் பேசுவது போல. தள்ளும்போது மட்டும் நகர்ந்தேன் என்று சொல்லும் அந்த சிக்னலை அடைத்துவிட்டேன், சரியானது.

இன்னொன்று. குமிழை இழுக்க இழுக்க ஒவ்வொரு புள்ளிக்கும் பட்டியலை மறுபடி தேடுகிறது. இந்தக் கிழட்டு சிஸ்டம் தாங்காது. கையை விட்ட பிறகு தேடினால் போதும் என்று மாற்றினேன்.

களைப்பு. சாப்பிடாமல் படுத்தேன்.

ஜூலை 30, வெள்ளி

கோமதியம்மாவை உட்கார வைத்துக் காட்டினேன். அவருக்கு மவுஸைப் பிடித்து இழுக்க வரவில்லை. குமிழை விட்டுவிட்டுப் பக்கத்துக் கோட்டில் தட்டினார். இருபத்தொன்று ஒரே தாவலில் முப்பத்தொன்று.

"என்ன தம்பி, ஒரு தட்டுக்குப் பொண்ணுக்குப் பத்து வயசு ஏறிடுச்சு?"

கோட்டில் தட்டினால் எவ்வளவு தாவ வேண்டும் என்பதற்குத் தனி அளவு. சொல்லாவிட்டால் பத்து. ஒன்று ஆக்கினேன். நான் யோசிக்கவே இல்லாத விஷயம். எனக்கு இழுக்கத் தெரியும், அதனால் எல்லோரும் இழுப்பார்கள் என்று நினைப்பு.

ஸ்லைடருக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டுமே. கேட்டேன். ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். பெண் 18 முதல் 30. மாப்பிள்ளை 21 முதல் 45. ஏன் பெண்ணுக்கு முப்பதோடு நிற்க வேண்டும் என்றதற்கு, அதற்கு மேல் யாரும் கேட்பதில்லையாம், கேட்காததற்கு எதற்கு இடம் என்றார். அதற்கு மேலே உள்ளவர்களுக்குப் பச்சை அட்டை நோட்டு ஒன்று தனியாக இருக்கிறது, இரண்டாம் தாரம் கேட்டு வருபவர்களுக்குக் காட்டுவது. அதை டைப் பண்ண வேண்டாம் என்றார்.

மினிமம் 18, மேக்ஸிமம் 30. அடித்தேன். இரண்டு வரி.

ஆகஸ்ட் 2, திங்கள்

ஆடிப்பெருக்கு. கோமதியம்மா கொள்ளிடத்துக்குப் போய்விட்டார். சாவி என்னிடம். நோட்டு 9, நோட்டு 10. மகம், 5.2, டி.டெட். ரேவதி, 5.0, பிளஸ் டூ, தையல். எழுத்தெல்லாம் கண்ணில் நீந்துகிறது. 

நோட்டு 10, பக்கம் 41: செல்வி. 5.3. பி.எஸ்சி. தனியார் நர்சரிப் பள்ளி ஆசிரியை. உத்திராடம். நானே டைப் பண்ணினேன். பிறந்த தேதி போட்டால் வயதை புரோகிராமே கணக்குப் போட்டுக்கொள்ளும். குமிழை முப்பது வரை இழுத்தேன், கடைசி ஆளாக அக்கா வந்தாள். போட்டோவோடு. எவ்வளவு சந்தோஷம்! நான் எழுதிய ஒன்றுக்குள் நம் வீட்டு ஆள்.

வீட்டில் சொன்னேன். அக்கா பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். எத்தனாவது ஆளாக வந்தேன் என்று கேட்டாள். கடைசி என்றேன். ஸ்கூல் பஸ்ஸிலும் அதுதான் அவள் ஸ்டாப் என்றாள்.

ஆகஸ்ட் 9, திங்கள்

அக்கா பிறந்தநாள். அம்மா பாயசம் வைக்கவில்லை. பாயச வாசனை பக்கத்து வீட்டுக்குப் போனால் விசேஷம் என்ன என்று கேட்பார்கள், அப்புறம் எத்தனை வயது என்று கணக்குப் போடுவார்கள். மூன்று வருடமாக இப்படித்தான். அக்கா சாயங்காலம் ஆறு தேன்மிட்டாய் வாங்கி வந்தாள். ஆளுக்கு இரண்டு.

உயரம் ஸ்லைடர் முடிந்தது. நோட்டு 11 பாதி.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

கடைசி ஒத்திகை. கோமதியம்மா எதிரிலேயே குமிழைக் கடைசி வரை இழுத்தேன். அக்கா இல்லை.

மறுபடி இழுத்தேன். இல்லை. மற்றவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். கோமதியம்மா டீ வாங்கி வரச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார். எனக்கு முகம் எரிந்தது.

ஆகஸ்ட் 12, வியாழன்

இரண்டு நாளாக அக்காவைத் தேடுகிறேன். டேட்டாபேஸ் கெட்டுவிட்டதா, இல்லை. தேதியும் மாதமும் இடம் மாறிவிட்டதா, இல்லை. லீப் வருடக் கணக்கா, இல்லை. பிரேசில்காரருக்கு முழு புரோகிராமையும் அனுப்பினேன். உன் புரோகிராமில் தவறு எதுவும் தெரியவில்லை, சுத்தமாக எழுதுகிறாய் என்று பதில். வேறு நாளாக இருந்தால் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைத்திருப்பேன்.

கடைசியில் அக்காவின் வரியை மட்டும் தனியாக எடுத்து வயதை எழுதிக் காட்டச் சொன்னேன். 31.

தவறே இல்லை. திங்கட்கிழமை தேன்மிட்டாய் தின்றோம் அல்லவா. அன்றைக்கே என் புரோகிராம் அவளைச் சரியாக வெளியே அனுப்பிவிட்டது.

ஆகஸ்ட் 13, வெள்ளி

மேக்ஸிமத்தைக் கூட்ட வேண்டும் என்று கோமதியம்மாவிடம் கேட்டேன். அக்காவைப் பச்சை நோட்டில் ஏற்றலாம், கிடைத்தால் அங்கேயும் நல்ல இடம் கிடைக்கும் என்றார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த நோட்டையும் டைப் பண்ணித் தருகிறேன், எல்லோரும் ஒரே பட்டியலில் வரட்டும் என்றேன். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

"வச்சுக்க தம்பி. யாரு இழுக்கப்போறா."

மேக்ஸிமம் 45. கோடுகள் நெருக்கமாகிவிட்டன, எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. ஐந்துக்கு ஒரு கோடு என்று மாற்றினேன். பச்சை நோட்டில் இருபத்தாறு பேர். டைப் பண்ணி முடிக்கும்போது விரல் நிமிரவில்லை.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

ஆவணி ஒன்று. வாசலில் மாவிலை. கோமதியம்மா மானிட்டருக்குச் சந்தனம் வைத்துவிட்டார், திரைக்கு நடுவில். துடைத்தேன்.

முதல் ஆள் ஆலத்தியூரிலிருந்து. மகன் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர், வயது 34. அம்மா மட்டும் வந்திருந்தார். கோமதியம்மா வாக்கு மாறவில்லை. அக்காவின் போட்டோவைத்தான் முதலில் எடுத்து வைத்தார். அந்த அம்மா கண்ணாடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். முகம் லட்சணமாக இருக்கிறது, டீச்சர் வேலை வேறு, பையனுக்கும் படிக்கிற பெண்தான் பிடிக்கும் என்றெல்லாம் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வயது கேட்டார். கோமதியம்மா மறைக்கவில்லை.

போட்டோவை மேஜையில் வைத்து, இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளிவிட்டார். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. திரையில் உள்ளது என்ன என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். நானே பண்ணலாமா என்று மவுஸை வாங்கினார். கோமதியம்மாவுக்கு வராதது அவருக்கு முதல் தடவையே வந்தது. 45-இல் நின்ற குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்து 26-இல் விட்டார்.

"இதுக்குள்ளார காட்டுங்க. நல்லாருக்கு தம்பி இது, சுளுவா இருக்கு."

பட்டியல் உடனே வந்தது. ஒரு தடங்கல் இல்லை.

ஆகஸ்ட் 18, புதன்

அக்காவிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். அவளே கேட்டாள், ஆவணி பிறந்துவிட்டதே, போட்டோ காட்டினார்களா என்று. எல்லாவற்றையும் சொன்னேன், முப்பதில் நிறுத்தியது உட்பட. பென்சில்களைச் சீவிக்கொண்டே கேட்டாள். எட்டுப் பென்சில். கடைசியில், அந்தப் பக்கத்து ஆட்களையும் அதில் தேடலாமா என்றாள். தேடலாம், மாப்பிள்ளைகளுக்கும் ஸ்லைடர் இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அம்மா சத்தம் போட்டாள். வயசுப் பெண் தானே போய் மாப்பிள்ளை தேடுகிறாள் என்று ஊர் பேசும் என்றாள்.

"வயசுப் பொண்ணுன்னு நீயாவது சொல்றியேம்மா" என்றாள் அக்கா.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

காலையில் தூறல், பத்து மணிக்கு வெயில். அக்கா ஸ்கூலுக்குக் கட்டும் புடவையையே கட்டிக்கொண்டு வந்தாள். கோமதியம்மா எழுந்து நாற்காலி போட்டார், என்ன பேசுவது என்று தெரியாமல் ஃபேனை ஒரு எண் கூட்டினார்.

அக்காவின் விவரம் திறந்தேன், மாப்பிள்ளை ஸ்லைடர் வந்தது. அக்கா மேல் குமிழை 40-இல் வைத்தாள். கீழ்க் குமிழைப் பிடித்து இடது பக்கம் இழுத்தாள். 32-இல் நின்றுவிட்டது. விட்டுப் பிடித்து மறுபடி இழுத்தாள். நகரவில்லை.

"இது ஏன்டா கீழ எறங்க மாட்டேங்குது?"

மறந்தே போயிருந்தேன். ஜூலையில் எழுதியது. பெண்ணின் வயதோடு ஒன்று கூட்டி மாப்பிள்ளையின் மினிமம். அதற்குக் கீழே இறங்க வேண்டிய தேவையே வராது என்று நினைத்தேன்.

"கோமதியம்மா வைக்கச் சொன்னாங்களா?"

கோமதியம்மா என்னைப் பார்த்தார். அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாருமே சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன் என்றேன்.

அக்கா திட்டவில்லை. "எடு" என்றாள்.

ஒரு வரி. எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் போட்டேன். இந்த சிஸ்டத்தில் நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திரும்ப வந்தது. குமிழ் தடையில்லாமல் 21 வரை ஓடியது. அக்கா அதை 28-க்குக் கொண்டுவந்து விட்டாள். பதினேழு பேர். ஒவ்வொருவராகப் படித்தாள், பரீட்சைத் தாள் போல. அவளே பன்னிரண்டு பேரை வேண்டாம் என்றாள். காரணமும் சொன்னாள். ஒருவரை மீசைக்காகத் தள்ளினாள், கோமதியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்பதாவது ஆளிடம் திரும்பி வந்தாள். மீன்சுருட்டி. 29. மோட்டார் ரீவைண்டிங் கடை சொந்தமாக. எதிர்பார்ப்பு என்ற இடத்தில், வேலைக்குப் போகிற பெண் என்று மட்டும் எழுதியிருந்தது.

இரண்டு வயது சின்னவர், அவர்கள் வீட்டில் காது கொடுத்தே கேட்க மாட்டார்கள், என் மையத்துக்கும் கெட்ட பேர் வரும் என்று கோமதியம்மா நயமாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கேக்க மாட்டேன்னா அவங்க சொல்லட்டும்மா. நீங்க மொதல்ல வயசச் சொல்லிருங்க. அப்புறமா பேரு."

கோமதியம்மா ரிசீவரை எடுத்துக்கொண்டு எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன். மணி நீளமாகப் போயிற்று, யாரோ எடுத்தார்கள். மையத்தின் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அக்காவை ஒரு தடவை பார்த்தார்.

"பொண்ணுக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சிருச்சுங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. நீளமாகச் சொன்னார்கள். கோமதியம்மா ரிசீவரை வைக்கவில்லை. இடது கையால் மேஜையைத் துழாவினார், எழுத ஏதாவது வேண்டும் என்பது போல. அக்கா பையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள்.